நாலாம் எண்

நெற்றியிலிருந்து உச்சி வரை ஒரு கோடு போட்டுவிட்டு மெஷின் ஓடியபடியே அந்தரத்தில் நின்றது. முடிவெட்டுகிறவர் டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

"பொறு தம்பி. கார்னர்."

தேஹா பொறுத்தான். அரைகுறை மொட்டையோடு எங்கே எழுந்து போவது?

நோன்சான் ராணுவப் பயிற்சி முகாமின் வாசலுக்கு எதிரே இருந்தது அந்தக் கடை. பிற்பகலுக்குள் முகாமுக்குள் போயாக வேண்டிய பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவனோடும் ஒரு குடும்பம் வந்திருந்தது. அடுத்த நாற்காலிப் பையனின் அம்மா, தரையில் விழும் முடியைப் பார்த்துப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தேஹா மட்டும் தனியாக வந்திருந்தான்.

டிவியில் ஒலிம்பிக் கால்பந்து. மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். கொரியா ஒரு கோல் முன்னால் இருந்தது. அப்படியே முடிந்தால் வெண்கலம். வெண்கலம் வந்தால் அந்த அணியில் எவனுக்கும் ஒன்றரை வருடக் கட்டாயப் பட்டாளம் கிடையாது.

கோலுக்கு முன்னால் கையை நீட்டி எல்லோரையும் அதட்டி நிறுத்திக்கொண்டிருந்தான் நாலாம் எண் தடுப்பாட்டக்காரன்.

அவன் பெயரைத் தேஹா இப்போதெல்லாம் மனதுக்குள்கூடச் சொல்வதில்லை.

ஒரே பள்ளி அணி. விடுதியில் ஒரே அறை. தடுப்பில் இடமும் வலமுமாக நின்று ஒன்றாகவே வளர்ந்தார்கள். ஒலிம்பிக் தேர்வு முகாமுக்கும் ஒன்றாகவே போனார்கள். கடைசியில் ஒரே ஓர் இடம் மீதி இருந்தது.

"ஆட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்டா. அவனுக்கு நிதானம் கொஞ்சம் ஜாஸ்தி," என்றார் பயிற்சியாளர்.

அந்தக் 'கொஞ்சம்' போதுமானதாக இருந்தது. முகாமிலிருந்து திரும்பிய தேஹாவை அவனுடைய இரண்டாம் பிரிவு கிளப் கழற்றிவிட்டது. ராணுவத்தின் கால்பந்து அணியும் வேண்டாம் என்றது. இனி அவன் எல்லைக் காவலில் துப்பாக்கி பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது அவனை யாருக்கு ஞாபகம் இருக்கும்? நாலாம் எண்ணுக்கோ பெல்ஜியத்தில் ஒரு கிளப் காத்திருந்தது. பட்டாளம் மட்டும்தான் குறுக்கே நின்றது.

கார்னர் வந்தது. கோல்கீப்பர் எகிறிக் குத்தப் போய்ப் பந்தைக் கோட்டைவிட்டு விழுந்தான். பந்து எதிரணி ஆளின் காலடியில் போய் நின்றது. கோல்கோட்டில் நாலாம் எண் ஒருவன்தான்.

ஓரடி பின்னால் நிற்கிறான் என்று தேஹாவுக்கு உடனே தெரிந்தது. எப்போதும் அப்படித்தான். அங்கே நான் நின்றிருந்தால் அந்த எதிரணி ஆளை உதைக்கவே விட்டிருக்க மாட்டேன்.

போர்த்தியிருந்த துணிக்கு அடியில் அவன் கைகள் தாமாகக் கோத்துக்கொண்டன. உதடு அசைந்தது.

போ. உள்ளே போ.

"பாவம், எப்படி வேண்டிக்குது பாரு அந்தப் புள்ள," என்றாள் பக்கத்து நாற்காலிப் பையனின் அம்மா.

எதிரணி ஆள் உதைத்தான். நாலாம் எண் முகத்தையே கொண்டுபோய்க் கொடுத்தான். பந்து மூக்கில் மோதிக் கம்பத்துக்கு மேலே பறந்தது.

கடை அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கடைசி விசிலும் ஒலித்தபோது, முடிவெட்டுகிறவர் ஓடுகிற மெஷினோடு யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்தார். இன்று முதல் பட்டாளத்தில் அல்லாடப் போகிற பையன்கள், பட்டாளம் தப்பியவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

நாலாம் எண் மூக்கில் ரத்தத்தோடு எழுந்து உட்கார்ந்து சிரித்தான். ரத்தத்தைப் பார்த்துத் துடித்த தேஹாவின் நெஞ்சு, அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எரிந்தது.

கேமரா பார்வையாளர் பக்கம் போனது. கன்னத்தில் கொடி வரைந்த ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள். அவளைத் தாங்கிப் பிடித்தபடி அவள் கணவர். நாலாம் எண்ணின் பெற்றோர் என்று கீழே எழுத்து ஓடியது.

"குடுத்து வச்ச மகராசி," என்றபடி முடிவெட்டுகிறவர் தேஹாவிடம் திரும்பி வந்தார். "புள்ளைக்குப் பட்டாளமும் போச்சு, பேரும் வந்துச்சு. இனிமே அந்தம்மாவுக்கு என்ன கவலை?"

"அவங்களுக்கு இன்னொரு புள்ளையும் இருக்கான்."

"அப்படியா? உனக்கு எப்படித் தெரியும்?"

தேஹா பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரத்தம் துடைத்த நாலாம் எண்ணின் முகம் டிவி முழுக்க வந்து நின்றிருந்தது.

முடிவெட்டுகிறவர் டிவியைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார். மெஷினை அணைத்தார்.

"ரெட்டையா?"

"ம்."

"யாரு மூத்தவன்?"

"அவன்தான். அங்கயும் முந்திட்டான்."

ஒலிம்பிக் பார்க்க டிக்கெட் வந்த அன்று, 'நீங்க போயிட்டு வாங்கம்மா, முகாமுக்கு நான் தனியாப் போயிக்கிறேன்' என்று சொன்னவன் தேஹாதான். அம்மா ஒரு தடவையாவது மறுப்பாள் என்று நினைத்திருந்தான்.

முடிவெட்டுகிறவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து, அவன் பின்னால் நின்றார்.

"மிச்சத்தையும் எடுத்துடுங்க ஐயா," என்றான் தேஹா. "சீக்கிரம்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. கடைசி முடியும் விழுந்த பிறகு, கண்ணாடியில் இருந்த முகம் அவன் ஒருவனுடையதாக இருந்தது.