ரெண்டு குறைச்சு

நாலாவது கீபோர்டையும் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார் என் வீட்டுக்காரர்.

எனக்கு வந்ததே கோபம். தண்டையார்பேட்டை லாரிப் புகை, கடைக்குள் ஃபேன் ஓடவில்லை, கழுத்தைச் சுற்றி முந்தானை வேறு. மனுஷன் காலையிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ஒன்றில் நாதஸ்வரம் கொசு மாதிரி கத்துகிறதாம். இன்னொன்றில் எல்லாமே தொடுதிரை. தவில் தாளம் வர நாலு பக்கம் புரட்டணுமாம்.

"திருவிழாவுல விசில் அடிச்சா அடுத்த நொடி தாளம் மாறணும். இத்த எவன் தடவிக்கினு இருப்பான்?" என்றார்.

அது நியாயம்தான். இருபத்தாறு வருஷம் எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் கீபோர்டு, நான் பாட்டு. காசிமேட்டில் நாங்கள் மேடை ஏறாத தெரு கிடையாது.

அத்திப்பட்டில் ஒருமுறை பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது. பக்கத்திலேயே அனல்மின் நிலையத்தில் கரண்ட் தயாரிக்கிறான், கொடுமையைப் பாருங்கள்! கீபோர்டு செத்துப்போச்சு. நான் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி பாடி முடித்தேன். அன்றைக்கு இவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருஷமாக வாசிக்காமல் கிடந்தவரை இந்த ஞாயிறு கல்மண்டபத்துக் கச்சேரிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாடப் போவது சினேகா என்கிற புதுப் பெண். போன வார ஒத்திகையில், இரவல் கீபோர்டில் இவர் எடுத்த சுருதிக்கு அவள் குரல் இறங்கவே இல்லை. மூன்று தடவை முயன்றுவிட்டு அழுதுவிட்டாள், பாவம்.

மேடையிலும் அப்படி ஆனால் இனி கீபோர்டையே தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார் இவர். சொன்னால் செய்கிற ஆள். இன்னொரு மூன்று வருஷம் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என்னால் ஆகாது சாமி.

கடைக்கார ஃபவாஸ் ஐந்தாவதைத் தூக்கி வைத்தார். பழசு. எல்லாமே பட்டன்.

இவர் கண்ணை மூடிக்கொண்டே தாளத்தை மாற்றினார், நிறுத்தினார், மறுபடி விட்டார். தவில் நெஞ்சில் இடித்தது. முகத்தில் இருபது வயது குறைந்துவிட்டது.

பாட்டை ஆரம்பிக்கும் முன் அவர் கட்டைவிரல் தானாகப் போய் சுருதியைக் குறைக்கிற மைனஸ் பட்டனை இரண்டு முறை அமுக்கியது. மைனஸ் இரண்டு என்று காட்டியது.

"இன்னாத்துக்கு சார் ரெண்டு குறைக்கிறீங்கோ?" என்றார் ஃபவாஸ்.

"அது எங்க வூட்டம்மா சுருதி, நைனா."

ஃபவாஸ் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அப்ப ஒரு வரி பாடுங்கக்கா, கேப்போம்."

என் வீட்டுக்காரர் விரல் நின்றுவிட்டது.

நான் கழுத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். டாக்டர் என் குரல்வளையை எடுத்தபோது வைத்த துளை அதற்கடியில் இருக்கிறது. மூன்று வருஷம் ஆகிறது.

எட்டி, ப்ளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்து அமுக்கினேன். அப்படிச் செய்தால் பூஜ்யத்துக்கு வந்துவிடும், அவர் சொல்லிக்கொடுத்ததுதான். பூஜ்யம்தான் சினேகாவின் சுருதி.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் ஒன்று வைத்தேன், வாசி என்று.

வாசித்தார். என் பாட்டு, என் சுருதி இல்லாமல்.

நல்லாத்தான் இருந்தது, பாழாப்போனது.