வெள்ளிக்கிழமை வைத்த பொட்டு

"இந்தப் பொண்ணை இன்னிக்கே வூட்டுக்கு அனுப்புங்க தலைவரே. இல்லாட்டி நான் போறேன்!"

பாகூர் பக்கத்து உழவர் சங்கம் ஒன்றில் கம்ப்யூட்டர் என்றால் அரங்கநாதன்தான். அறுவடை மெஷின் கேட்டு விவசாயிகள் போனில் பதிவதை வாங்குவது வெப் சர்வர். யாருக்கு எந்த நாள் என்று முறை போடுவது உள்ளே இருக்கும் அப்ளிகேஷன் சர்வர். நடுவில் எவனும் புகாதபடி இரண்டுக்கும் ஆளுக்கொரு சர்டிபிகேட் கொடுத்து, காட்டினால்தான் பேச்சுவார்த்தை என்று கட்டிவைத்தவர் அவர். அமெரிக்காவிலிருந்து போன் போட்டு யோசனை கேட்டார்களாம். அவரே சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட கோட்டை வெள்ளிக்கிழமை தவறாமல் அரைமணி நேரம் படுத்துவிடும்.

"சர்வர் எழுதி வெக்கிற லாக்கைப் பாருங்க," என்று எகிறினார் அரங்கநாதன். "வெள்ளிக்கிழமையானா பத்து மணிக்கு சர்வர் தேதியில கை வெச்சிருக்கு. யாரு? கீதாஞ்சலி!"

தலைவர் செல்லப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இன்னாம்மா இது?"

கீதாஞ்சலி தலை குனிந்து நின்றாள். அரங்கநாதனுக்கு உதவியாகச் சேர்ந்து எட்டு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"முழியைப் பாருங்க, திருட்டு முழி!"

"இருப்பா. அதுக்கு மேல் வரியில, ஒன்பதரைக்கு சர்வரை நிறுத்தினது அரங்கநாதன்னு இருக்கே?"

"அது பூஜை தலைவரே! கரண்ட் ஓடுறப்போ பொட்டு வைக்க முடியுமா? நிறுத்தி, பிளக்கைப் புடுங்கி, தொடைச்சு, சந்தனம் வெச்சு, கற்பூரம் காட்டுவேன். என் கையால வளந்த சர்வர்!"

கீதாஞ்சலி மெல்ல வாயைத் திறந்தாள்.

"அந்த அப்ளிகேஷன் சர்வருக்குள்ள இருக்கிற கடிகார பேட்டரி செத்துப்போச்சு சார். பிளக்கைப் புடுங்கினா தேதி பத்து வருஷம் பின்னால ஓடிடுது. வெப் சர்வரோட சர்டிபிகேட் போன வருஷம் குடுத்தது. 'நீ இன்னும் பொறக்கவே இல்ல, போடா'ன்னு அதை வெளிய நிறுத்திடுது. நான் போய் தேதியைத் திருத்திவிடுவேன்."

கோட்டை கட்டியவருக்குக் குப்பென்று வேர்த்தது.

"இதை வாய்விட்டுச் சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார் தலைவர்.

"எல்லார் முன்னாடியும் சொன்னா சார் பேரு கெட்டுடும். அதான் எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, அவர் கையிலயே குடுத்தேன். மூணு தடவை."

அரங்கநாதன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

வேலை நிரந்தரத்துக்கு சிபாரிசு கேட்கிறாள் என்று பிரிக்காமலே விட்ட மூன்று கவர்களும், சர்வர் மேல் கற்பூரத் தட்டு ஆடாமலிருக்க அவரே கொடுத்த முட்டாக, எண்ணெய் ஊறிக் கிடந்தன.