‘ஷல்’லா, ‘மஸ்ட்’டா?

“ஜெயம், இங்க வாம்மா. இதுல ‘ஷல்’னு அடிச்சிருக்கியே, ஏன்?”

சூப்பிரண்டு தாண்டவராயன் சிவப்பு மையால் வட்டம் போட்ட தாளை டைப்பிஸ்ட்டிடம் நீட்டினார்.

“ஆபீசர் சொன்னபடிதான் சார் அடிச்சேன்.”

“ஆபீசர் சொல்லுவாரு. ‘யூ ஷல்’னா அது கட்டளை. கட்டளை போட நமக்கு அதிகாரம் இருக்கான்னு ரூல் புக்கைப் பாக்கணும். வெச்சிட்டுப் போ.”

விழுப்புரத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, பிப்ரவரி மாதம்.

நோட்டீஸ் மொத்தமே நாலு வரி. பெருமுக்கல் பக்கம் இலாகாவுக்குச் சொந்தமான முக்கால் ஏக்கரில் வெள்ளையம்மாள் என்று ஒருத்தி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்திருந்தாள். ஏழு நாளில் அவள் காலி செய்ய வேண்டும். எட்டாம் நாள் கம்பி வேலி. மார்ச் முடிவதற்குள் வேலியைப் போட்டுக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்று ஆபீசர் குதித்துக்கொண்டிருந்தார்.

ரூல் புக்கைப் பார்க்க தாண்டவராயனுக்கு ஒன்பது நாள் ஆனது.

“‘மஸ்ட்’ போடும்மா.”

போட்டாள். ஐந்து பிரதி, நாலு கார்பன். இரண்டு நாள் மேஜையில் கிடந்து, சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது.

“‘மஸ்ட்’ல ஒரு அதட்டல் இருக்கு. சர்க்கார் அதட்டலாமா? ‘ஷுட்’ போடு.”

அதுவும் திரும்பி வந்தது.

“‘ஷுட்’னா புத்திமதி. நாம என்ன அந்தம்மாவுக்கு மாமனா மச்சானா, புத்தி சொல்ல?”

“அப்ப ‘வில்’ போடட்டுமா சார்?”

“ ‘நீ காலி பண்ணிடுவே’ன்னு ஜோசியம் சொல்ற மாதிரி இருக்கும். சரி, அடிச்சுக் கொண்டா, பாக்கலாம்.”

பார்த்தார். நாலு நாள் பார்த்தார். வட்டம் போட்டார்.

ஜெயத்துக்கு அழுகையே வந்துவிட்டது. விரலெல்லாம் கார்பன் கறுப்பு. திண்டிவனத்துக்குப் போகிற ஐந்தரை மணி பஸ்ஸை அந்த மாதத்தில் எத்தனை முறை விட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

“சார், அந்தம்மா கைநாட்டு. எந்த வார்த்தையைப் போட்டாலும் அவங்களுக்கு ஒண்ணுதான் சார்.”

“அவங்களுக்கு ஒண்ணு. இங்கிலீஷுக்கு ஒண்ணு இல்லியே!”

கோபத்தில் அவளே ‘மே’ என்று அடித்துக் கொடுத்தாள்.

தாண்டவராயன் நிமிர்ந்து பார்த்தார். “போனாலும் போகலாம், இருந்தாலும் இருக்கலாம்னு அர்த்தம் ஆயிடுமேம்மா! நீ எந்த ஸ்கூல்ல படிச்சே?”

அதுதான் சுருக்கென்று தைத்தது. அவள் தெருவிலேயே முதலில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவள் அவள். டைப்பிங்கில் ஹையர், முதல் வகுப்பு.

நேராக ஆபீசர் அறைக்குள் போனாள்.

“ஒரு வார்த்தைக்காக ஒரு மாசமா இழுத்தடிக்கிறாரு சார். என்னால முடியல.”

ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது. தாண்டவராயனுக்கு மெமோ போட்டார். தாமதத்துக்கு விளக்கம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தப்படும்.

அந்த மெமோவை அடித்ததும் ஜெயம்தான். வேண்டுமென்றே ஒரு இடத்தில் ‘ஷுட்’ வரவேண்டியதற்கு ‘வுட்’ என்று அடித்தாள். இதுக்கும் வட்டம் போடட்டுமே, பார்ப்போம்!

தாண்டவராயன் மெமோவை ஒரு தடவை படித்தார். வட்டம் போடவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். விளக்கம் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

இன்கிரிமென்ட் போயிற்று.

‘நல்லா வேணும்’ என்று நினைத்துக்கொண்டாள் ஜெயம்.

அடுத்த திங்கட்கிழமை காலை. அவள் வந்து உட்காருவதற்குள் கூப்பிட்டார்.

“ஜெயம், அந்த நோட்டீஸை அடிச்சிடும்மா. ‘ஷல்’னே போட்டுடு.”

“‘ஷல்’லா?” அவள் குரலுக்கு ஆபீஸே திரும்பிப் பார்த்தது. “முதமுதல்ல அதைத்தானே சார் அடிச்சேன்! அஞ்சு தடவை, அஞ்சு தடவை என்னைச் சாகடிச்சீங்களே, அது எதுக்கு சார்?”

“இப்ப அது சரியா இருக்கும்மா. ஜல்தி அடி. இன்னிக்கே போயாகணும்.”

அவள் அடித்த வேகத்தில் முற்றுப்புள்ளி தாளை ஓட்டை போட்டுவிட்டது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பியூன் சின்னக்கண்ணு நோட்டீஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் காலை அவர் வந்ததும் ஜெயம் கேட்டாள்.

“குடுத்திட்டீங்களாண்ணே? ரொம்ப அழுதாங்களா அந்தம்மா?”

“எதுக்கு அழுவுறாங்க? கைநாட்டு வெச்சி வாங்கிக்கினாங்க. நெலத்துல என்னா இருக்குது? மல்லாட்டையப் புடுங்கி, ஆய்ஞ்சி, சனிக்கிழமையே மூட்டை கட்டி வண்டியேத்திட்டாங்களாம்.”

“சனிக்கிழமையா?”

சின்னக்கண்ணு சூப்பிரண்டு பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“யாருகிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. ஒரு மாசமா ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை ஒரு ஐயா பஸ்ல வந்து எறங்குவாராம். யாரு, என்னான்னு ஒண்ணும் சொல்ல மாட்டாராம். அந்தம்மா சொன்ன அடையாளம் நம்ம சாரேதான். ஒரு செடியப் புடுங்கி, காயை ஒடைச்சிப் பாத்துட்டு, ‘இன்னும் முத்தலியேம்மா’ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிடுவாராம்.”