வேட் எறியட்டும்

"வேட் ஹோல்மை டீமை விட்டு அனுப்பினா, அப்புறம் நான் இந்த மைதானத்துப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!"

டெல்லா சொன்ன வேகத்தில் மடியிலிருந்த வேர்க்கடலை சிதறியது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேஸ்பால் பார்க்க வந்தால், டெல்லாவின் கத்தல் அவர்களுக்கு இலவச வேடிக்கை.

"பெத்தவகூட இப்படிப் பரிஞ்சு பேச மாட்டா," என்றார் பக்கத்து இருக்கை கஸ். மிசிசிப்பியில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹெரன்ஸ் அணி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதே இருக்கையில் உட்கார்ந்து அணியைத் திட்டிக்கொண்டிருப்பவர். "நிஜத்தைச் சொல்லு டெல்லா. அவன் உனக்கு அக்கா மகனா, தங்கச்சி மகனா?"

"ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆட்டம் தெரிஞ்சவ பேசறேன். தப்பு பந்து எறியற வேட் மேல இல்லை, பின்னால உக்காந்து அதைப் பிடிக்கற கேட்சர் மேல. அந்தப் புதுப் பையனைத் தூக்கிட்டுப் பழைய கேட்சரைக் கூப்பிடட்டும். வேட் கை தானாத் திரும்பும்."

"யாரு, முட்டி மடங்காத அந்தக் கிழவனையா? விளங்கிடும்! உன் வேட் இந்த மாசம் தப்புத் தப்பா எறிஞ்சு எத்தனை பேரைச் சும்மா நடக்க விட்டான் தெரியுமா? நம்ம ஊர்ப் பாலத்து மேலகூட அத்தனை பேர் நடக்கலை."

மறுபடி சிரிப்பு. டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. இந்த வசந்தத்தில்தான் ஊருக்கு வந்தவள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வந்த வாரத்திலிருந்து ஓர் ஆட்டம் தவறவிட்டதில்லை.

வேட் ஹோல்ம் ஒரு காலத்தில் ஊருக்கே செல்லப்பிள்ளை. போன கோடையில் அவன் எறிந்த பந்து ஒன்று உள்ளே திரும்பி, ஓக்லஹோமாவிலிருந்து வந்த அணியின் பேட்ஸ்மேன் கோல்பியைக் காதோரம், ஹெல்மெட்டுக்குக் கீழே தாக்கியது. கோல்பி ஆஸ்பத்திரியில் கண்ணே திறக்கவில்லை. விபத்துதான், யாரும் வேட் மேல் குறை சொல்லவில்லை. ஆனால் அடக்கத்துக்குப் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு அவன் எறிந்த பந்தெல்லாம் பேட்ஸ்மேனை விட்டு ஒதுங்கியே போயின.

"கோல்பி எப்பவும் குனிஞ்சு, முகத்தை முன்னால நீட்டிக்கிட்டுத்தான் நிப்பான்," என்றாள் டெல்லா, திடீரென்று தணிந்த குரலில். "நிமிர்ந்து நில்லுன்னு சொன்னா கேட்டாத்தானே."

கஸ் காதில் அது விழவில்லை. "வந்துட்டான் பாரு உன் ராசா!" என்று மைதானத்தைக் காட்டினார்.

வேட் நடுவிலிருந்த மண்மேட்டில் ஏறினான். டெல்லா கைப்பையிலிருந்த சின்ன ரேடியோவை எடுத்து, வர்ணனை கேட்க இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடினாள். மற்றவர்கள் எறியும்போது அவள் ரேடியோவைத் தொடுவதே இல்லை.

நாலு பந்து தப்பிப் போனால் பேட்ஸ்மேன் மட்டையைப் போட்டுவிட்டு முதல் தளத்துக்குச் சும்மா நடந்துவிடலாம். ஒருவன் நடந்தான். அடுத்தவனும் நடந்தான். அதற்கடுத்தவனும். கூட்டம் ஊளையிட்டது. "வீட்டுக்குப் போடா!" மேனேஜர் மெல்ல நடந்து வந்து, வேட் கையிலிருந்த பந்தை வாங்கிக்கொண்டார். தலை குனிந்து போனவனுக்கு எழுந்து நின்று கைதட்டியது டெல்லா ஒருத்திதான்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. கஸ் முனகிக்கொண்டே படியிறங்கிப் போனார். டெல்லா எழுந்தபோது எதிரே ஈரத் தலையோடு, தோளில் பையோடு வேட் நின்றான்.

"நீங்கதானே டெல்லா? கீழே இருந்தே உங்க குரல் கேக்கும் மேடம்."

அவள் தலையாட்டினாள்.

"மேனேஜர் என்னை அனுப்பலை. பழைய கேட்சரைக் கூப்பிடறாராம், நீங்க சொன்ன மாதிரியே."

"நான் சொல்லலை?" அவள் முகம் பூத்தது.

"நான்தான் போதும்னு சொல்லிட்டேன். மினசோட்டாவுல அண்ணன் பால் பண்ணை வச்சிருக்கான். நாளைக்குக் கிளம்பறேன்."

"வேண்டாம்!" அவன் மணிக்கட்டைச் சட்டென்று பிடித்தாள்.

"பந்தைக் கையில எடுத்தாலே அந்த முகம் வந்து நிக்குது மேடம். தூங்கி எவ்வளவோ நாளாச்சு. மாட்டுக்கிட்ட இருந்தாலாவது அது வராதுன்னு ஒரு நப்பாசை." வேட் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "ஊரே போடான்னு கத்தினப்ப, இருடான்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். சொல்லிக்காமப் போக மனசு வரலை."

"இந்த சீசன் முழுக்க இரு. மோசமா எறி, பரவாயில்லை. எத்தனை பேரை வேணும்னாலும் நடக்க விடு. மேட்டுல ஏறி நின்னாலே போதும்."

அவள் நகம் அவன் தோலில் இறங்கியது. அவனுக்கு அவளிடம் பயம் வந்தது.

"டீம் ஜெயிக்கக்கூட வேண்டாமா? அப்போ நான் எதுக்கு மேடம் உங்களுக்கு?"

டெல்லா கையை விடவில்லை.

"நீ எறிய வந்தா மட்டும்தான் ரேடியோவுல என் பிள்ளை பேரைச் சொல்றாங்க."