உறை பிரிக்காத சீட்

குழலி கார் வாங்கிப் பல மாதமாகியும் பின் சீட்டின் பாலிதீன் உறையைப் பிரிக்கவில்லை. முன் சீட்டில் அது முதல் வாரமே கிழிந்துபோனது.

“உன் தோலில் என்ன பள்ளம்?” என்று பின் சீட் கேட்டது.

“கோயிலுக்குப் போகும்போது குழலி பொங்கல் பானையை வைத்தாள்.”

“அந்த நீலக் கோடு?”

“அவள் மகன் முகிலனின் பேனா.”

“அடப் பாவமே,” என்று பின் சீட் சலசலத்தது.

ஒருநாள் குழலி ஹேர் டிரையரோடு வந்தாள். சூடு காட்டித் தேய்க்க, பள்ளம் பாதி எழும்பியது. பிறகு பின் சீட்டின் உறையைப் பிரித்தாள். வெயிலில் வெந்த பாலிதீனின் மடிப்பெல்லாம் தோலில் பதிந்து, இடையிடையே பூஞ்சை பூத்திருந்தது.

“அடேயப்பா, என்னைவிட அதிகம். இதெல்லாம் யார் போட்டது?” என்று முன் சீட் ஆவலோடு கேட்டது.

பின் சீட் ஒவ்வொரு மடிப்பாக நினைத்துப் பார்த்தது. சொல்ல ஒரு பெயர்கூட வரவில்லை.