சிவப்பு அடித்த நிலம்

சாய்சரணின் அறிக்கை மூன்றாவது தடவையும் திரும்பி வந்துவிட்டது.

ஒரு மலைச்சரிவில் மழை பெய்தால் எந்த நிலத்திலிருந்து எவ்வளவு மண் அரித்துக்கொண்டு போகும் என்று கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்லும் அறிக்கை. அபிராமபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் எட்டு மாதம் உட்கார்ந்து செய்தான். மண் அதிகம் போகிற நிலங்களுக்கு வரைபடத்தில் சிவப்பு அடித்திருந்தான்.

அதைச் சரிபார்க்க வேண்டியவர் தி.நகர் அலுவலகத்தில் இருந்த அதிகாரி ரத்னா. ஆகஸ்டில், பத்து வருட மழை விவரம் போதாது, இருபது வருடம் வேண்டும் என்றார். அக்டோபரில், சரிவை நேரில் போய் மறுபடி அளக்கச் சொன்னார். டிசம்பரில் பக்க எண் சரியில்லையாம்.

"மேடம், இதுல தப்பு எதுவும் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். மெதுவா சரி பண்ணிக் கொண்டு வாங்க. அவசரமில்லை."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு மழைக்கும் மண் போகிறது, அவசரமில்லையாம்.

"அந்தம்மா எதையோ எதிர்பார்க்குது மச்சி. மேல எழுதிப் போடு," என்றான் கூட வேலை செய்யும் ராகேஷ்.

எழுதிப் போட்டான். லஞ்சம் கேட்டார் என்றே எழுதினான். ரத்னா எதுவும் கேட்டதில்லை. ஆனால் அப்படி எழுதினால்தான் வேலை நடக்கும் என்று தோன்றியது.

நடந்தது. இரண்டே வாரத்தில் ரத்னாவை எங்கோ தெற்கே மாற்றிவிட்டார்கள். புது அதிகாரி அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி கடைசியில் அறிக்கையின் பிரதி வாங்கப் போனபோது, அலுவலக வாசலில் ஒருவர் ரத்னாம்மா எங்கே உட்காருவார்கள் என்று விசாரித்தார். பெயர் சடையப்பன். அந்த மலைச்சரிவிலிருந்து வந்திருந்தார். மாற்றிவிட்டார்கள் என்று சாய்சரண் சொன்னதும், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

கையில் ஓர் உத்தரவு இருந்தது. சிவப்பு நிலங்களில் இனி உழவோ தோண்டவோ கூடாது.

"மரவள்ளி போட்டிருக்கோம் சார், நாப்பது குடும்பம். மாசியிலதான் தோண்டணும். கிழங்கு மண்ணுக்குள்ளயே கிடக்குது, இப்ப மண்வெட்டி வைக்க விடமாட்டேங்கறாங்க."

ரத்னா ஆடியிலேயே வந்து எல்லோரிடமும் பேசினாராம். மண் போவது நிஜம், உத்தரவு வராமல் இருக்காது, இந்த ஒரு விளைச்சலை எடுக்கும்வரை எப்படியாவது தள்ளிப்போடுகிறேன் என்றாராம்.

சாய்சரண் உள்ளே ஓடினான். ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் பொறுக்கக் கூடாதா என்று புது அதிகாரியிடம் கெஞ்சினான்.

"தோண்டினா இன்னும் மண்ணு போகும்னு உங்க ரிப்போர்ட்தானே சொல்லுது?" என்றார் அவர்.

வெளியே வந்தவனால் சடையப்பனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அந்தச் சிவப்பை அடிச்சது நான்தாங்க."

சடையப்பன் படியிலிருந்து எழுந்தார்.

"நீங்கதானா? யாரை வேணா திட்டுங்க, அந்தப் பையனை மட்டும் திட்டாதீங்க, பொய் எழுதத் தெரியாத பையன்னு ரத்னாம்மா சொல்லியிருக்காங்க."