ஒத்திகைக்கு வராதவர்கள்

சைக்கிளிலேயே மலையேறி, கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று கிளப்பிவிட்டவர் தலைமை எழுத்தர்தான். அன்றிலிருந்து ஆபீஸுக்குத் தலைகால் புரியவில்லை.

"இறக்கத்துல நான் ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுவேன்" என்றார் கேஷியர்.

"கொண்டை ஊசி வளைவெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார் மேனேஜர் அம்மா.

தலைமை எழுத்தர் விடுவாரா? "கூடாரம், அடுப்பு எல்லாத்தையும் என் கேரியர்லயே கட்டிடுங்க. அலுங்காம கொண்டுவந்து சேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கலாம் என்ற பேச்சு வந்ததும் கேஷியருக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. மேனேஜர் அம்மாவுக்கு நாத்தனார் வருகிறாராம். வீட்டுக்கு வெள்ளையடிப்பதாகச் சொல்லித் தலைமை எழுத்தரும் கழன்றுகொண்டார்.

ஞாயிறு காலை, ஊர்க்கோடி மைதானம்.

"ஹேண்டில் பாரை இறுக்காதீங்க சார். முதல் நாள் அப்படித்தான் ஆடும். சீட்டை நான் பிடிச்சிருக்கேன்" என்று பயிற்சியாளர் பின்னால் ஓடிவர, தலைமை எழுத்தர் நேரே போய் எதிரே வந்த சைக்கிளில் மோதினார். கீழே கிடந்தவர் கேஷியர்.

"பல்லு பிடுங்கியாச்சா?"

"வெள்ளையடிச்சாச்சா?"

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது, "வழி விடுங்க, பிரேக் எதுன்னு தெரியல" என்று அலறியபடி வந்து அவர்கள் மேலேயே விழுந்தார் மேனேஜர் அம்மா.

மண்ணில் கிடந்தபடியே அவர் பயிற்சியாளரைப் பார்த்தார்.

"மாஸ்டர், அடுத்த மாசம் மலைக்கு வர முடியுமா? மூணு சீட்டையும் பிடிக்கணும்."